மதுப்பழக்கம் பரம்பரையாக வருமா? சுண்டெலி ஆய்வுகள் சொல்வதும் நம் குடும்பங்கள் அறிய வேண்டியதும்

'மதுவிற்கு அடிமையாக்கும் மரபணு கண்டறியப்பட்டது' என்ற செய்தி சில மாதங்களுக்கு ஒருமுறை நாளிதழ்களிலும் கைப்பேசிகளிலும் வலம் வருகிறது. இச்செய்திகளுள் பல, ஆய்வகத்தில் வளர்க்கப்படும் சுண்டெலிகளைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வுகளிலிருந்து வருபவை. அவற்றைப் படிக்கும் குடும்பத்தினர் இரண்டு விதமாகப் புரிந்துகொள்கின்றனர். 'இவருடைய தாத்தாவும் குடித்தார், அப்பாவும் குடித்தார்; இரத்தத்திலேயே ஊறியது, வைத்தியம் பார்த்துப் பயனில்லை' என்ற கைவிடல் ஒன்று. 'கணவருக்கு இருப்பது என் மகனுக்கும் வந்துவிடுமோ' என்ற அச்சம் மற்றொன்று.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் சிகிச்சைக்கு வரும் குடும்பங்களிடமும் இவ்விரு கேள்விகளைக் கேட்க முடிகிறது. மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் மானாவாரி நிலத்தில் உழைப்போர், சிமெண்ட் ஆலைகளிலும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலும் பணிபுரிவோர், கட்டட வேலைக்காக வெளியூர் சென்று திரும்புவோர் எனப் பலதரப்பட்ட வீடுகளிலிருந்தும் இதே கேள்விகள் எழுகின்றன. மரபணு பற்றி அறிவியல் இதுவரை உறுதியாகக் கண்டுள்ளவை எவை, அவற்றிலிருந்து நோயாளியும் பராமரிப்பாளரும் எடுத்துக்கொள்ள வேண்டியவை எவை என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

முக்கியக் கருத்துகள்

• மது மூளையில் ஏற்படுத்தும் விளைவு ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. அவ்வேறுபாட்டில் மரபணுக்களுக்குக் கணிசமான பங்கு உண்டு.
• மதுவிற்கு அடிமையாவதைத் தனியாக முடிவு செய்யும் ஒரே மரபணு மனிதர்களில் இல்லை. மிகப் பல மரபணுக்கள் ஒவ்வொன்றும் சிறிதளவு பங்களிக்கின்றன.
• குடும்பத்தில் மதுப்பழக்கம் இருந்தாலும் சிகிச்சை பலன் தரும்.
• நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்துவது உயிருக்கு ஆபத்தாகலாம். மருத்துவ மேற்பார்வையில் நிறுத்த வேண்டும்.
• குடியை நிறுத்துவதற்கென்று எந்த மருந்தையும் உணவில் மறைத்துக் கொடுக்கக் கூடாது.

சுண்டெலிகளில் கண்டது என்ன?

ஒரே வகைச் சுண்டெலிகளை உடன்பிறப்புகளுக்குள்ளேயே இருபதுக்கும் மேற்பட்ட தலைமுறைகள் இனப்பெருக்கம் செய்ய வைத்தால், அவ்வகையைச் சேர்ந்த எல்லாச் சுண்டெலிகளும் இரட்டையரைப் போல ஏறத்தாழ ஒரே மரபணு அமைப்பைப் பெற்றுவிடும். இவ்வாறு உருவாக்கப்பட்ட இரண்டு வகைகள் மது ஆய்வில் புகழ்பெற்றவை. ஒன்று கறுப்பு நிறமுடையது. மற்றொன்று வெளிர் பழுப்பு நிறமுடையது.

1959ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மெக்ளியர்ன், ராட்ஜர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள், கூண்டில் ஒரு குடுவை நீரும் மற்றொரு குடுவையில் மது கலந்த நீரும் வைத்து, எதனைச் சுண்டெலி விரும்புகிறது என்று கவனித்தனர். கறுப்பு வகை மதுக் குடுவையையே பெரிதும் நாடியது. பழுப்பு வகை அதனை ஏறத்தாழத் தொடவே இல்லை. உணவும் கூண்டும் ஒன்றாக இருந்தும் விருப்பம் மட்டும் மாறியதால், இவ்வேறுபாட்டிற்குப் பரம்பரையே அடிப்படை என்பது தெளிவாயிற்று.

இதன் உறுதியை 1999ஆம் ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வு சோதித்தது. அமெரிக்காவின் போர்ட்லண்ட், ஆல்பனி ஆகிய நகரங்களிலும் கனடாவின் எட்மன்டனிலும் உள்ள மூன்று ஆய்வகங்கள், ஒரே வகைச் சுண்டெலிகளை ஒரே முறையில், ஒரே நாளில் சோதித்தன. அச்சம் சார்ந்த நடத்தை போன்ற சில முடிவுகள் ஆய்வகத்திற்கு ஆய்வகம் மாறின. மரபணுவும் ஒன்று, முறையும் ஒன்று. இருந்தும் கையாளும் மனிதரும் வாழும் சூழலும் மாறியதால் நடத்தை மாறியது. மது விருப்பத்தில் வகைகளுக்கு இடையிலான வேறுபாடோ மூன்று இடங்களிலும் பெரிதும் ஒன்றாகவே இருந்தது. மது விருப்பத்திற்கு மரபணு அடித்தளம் உண்டு என்பதையும், நடத்தையைச் சூழல் மாற்றவல்லது என்பதையும் இந்த ஓர் ஆய்வே சேர்த்துக் காட்டுகிறது.

2013ஆம் ஆண்டு பிரிட்டன் ஆய்வாளர்கள், 'காபா' எனப்படும் மூளை வேதிப்பொருளை ஏற்கும் புரதத்தின் ஒரு மரபணுவில் மிகச் சிறிய மாற்றம் உள்ள சுண்டெலிகளை ஆராய்ந்தனர். அவை தாம் அருந்திய திரவத்தில் ஏறத்தாழ 85 விழுக்காட்டை மதுவாகவே எடுத்துக்கொண்டன. இதனைப் போன்ற முடிவுகளே 'அடிமையாக்கும் மரபணு' என்ற தலைப்பில் செய்தியாகின்றன. ஆயினும் மனிதர்களின் மதுப்பழக்கத்திற்கு இத்தகைய ஒற்றை மரபணு மாற்றம் பொதுவான காரணமாகக் காணப்படவில்லை.

மூளையில் நடப்பது

மது மூளைக்குள் சென்றதும் பல கதவுகளை ஒரே நேரத்தில் தட்டுகிறது. நரம்பு ஓட்டத்தை அடக்கும் 'காபா'வின் செயலைக் கூட்டுகிறது. தூண்டிவிடும் 'குளுட்டமேட்'டின் செயலைக் குறைக்கிறது. பதற்றம் தணிவதும் தள்ளாட்டம் வருவதும் இதனால்தான். மூளையே சுரக்கும் அபின் போன்ற வேதிப்பொருள்கள் வெளிப்பட்டு, மகிழ்ச்சி உணர்வோடு தொடர்புடைய 'டோபமின்' கூடுகிறது. 'மீண்டும் வேண்டும்' என்ற நாட்டம் அங்கே வேர் கொள்கிறது.

இக்கதவுகள் ஒவ்வொன்றின் அமைப்பும் மரபணுவால் வகுக்கப்படுகிறது. அதனால் ஒரே அளவு மது ஒருவருக்குத் தூக்கத்தையும், ஒருவருக்கு உற்சாகத்தையும், மற்றொருவருக்குக் குமட்டலையும் தருகிறது.

குடும்பத்தினர் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி இங்கே உண்டு. 'எவ்வளவு குடித்தாலும் தள்ளாட மாட்டான்' என்பது நம் ஊர்களில் பெருமையாகப் பேசப்படுகிறது. அமெரிக்க மருத்துவர் மார்க் ஷூக்கிட் 1978 முதல் இளைஞர்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்து வந்தார். குடி நோயுள்ள தந்தையரின் மகன்களுள் பலருக்கு, ஒரே அளவு மதுவிற்குத் தள்ளாட்டமும் மயக்கமும் குறைவாக இருந்தன. அவ்வாறு போதை குறைவாக ஏறியவர்களே பின்னாளில் அடிமையாகும் வாய்ப்பு மிகுதியாக இருந்தது. போதும் என்று உடல் எச்சரிக்கும் அறிகுறி அவர்களுக்குத் தாமதமாக வருவதே இதற்கு விளக்கம். எனவே 'தாங்கும் சக்தி' என்று நாம் புகழ்வது உண்மையில் ஓர் ஆபத்து அறிகுறி.

மனிதரில் பரம்பரையின் பங்கு எவ்வளவு?

'நூலைப் போலச் சேலை' என்ற பழமொழியை மதுப்பழக்கத்திற்கும் பொருத்திப் பேசுவது வழக்கம். அது எந்த அளவிற்கு உண்மை என்பதை டென்மார்க்கில் 1973ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு காட்டுகிறது. பிறந்த சில வாரங்களிலேயே வேறு குடும்பங்களுக்குத் தத்துக் கொடுக்கப்பட்ட ஆண்களை மருத்துவர் குட்வின் குழுவினர் ஆராய்ந்தனர். பெற்ற தாய் அல்லது தந்தைக்குக் குடி நோய் இருந்தவர்களுள் 18 விழுக்காட்டினருக்கும், இல்லாதவர்களுள் 5 விழுக்காட்டினருக்கும் குடி நோய் காணப்பட்டது. குடிக்கும் பெற்றோருடன் வாழாமலே ஆபத்து மூன்று மடங்கிற்கு மேல் கூடியிருக்கிறது என்பது இதன் ஒரு பக்கம். குடி நோயுள்ளவருக்குப் பிறந்தும் நூற்றுக்கு 82 பேர் அந்த ஆய்வின்போது குடி நோயாளியாக இல்லை என்பது அதன் மறுபக்கம். தாய்மார்கள் மனத்தில் நிறுத்த வேண்டியது இந்த மறுபக்கத்தை.

இரட்டையரையும் தத்துப் பிள்ளைகளையும் கொண்டு நடத்திய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கையில், மதுவிற்கு அடிமையாவதில் பரம்பரையின் பங்கு ஏறத்தாழப் பாதி என்பது தெரிகிறது. ஒரு மனிதரின் குடியில் பாதி மரபணுவால் வந்தது, மீதி அவரால் வந்தது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ஒரு மக்கள் கூட்டத்தில் ஆளுக்கு ஆள் காணப்படும் வேறுபாட்டில் பாதியளவு பரம்பரையோடு தொடர்புடையது என்பதே பொருள். ஒரே மூட்டை மக்காச்சோள விதையைக் கரிசலிலும் செம்மண்ணிலும் ஊன்றினால் விளைச்சல் மாறும். ஒரே நிலத்தில் இரண்டு ரக விதைகளை ஊன்றினாலும் விளைச்சல் மாறும். ஒற்றைக் கதிரைக் கையில் வைத்துக்கொண்டு இதில் விதையின் பங்கு எவ்வளவு, மண்ணின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க இயலாது.

2023ஆம் ஆண்டு வெளியான ஒரு பெரிய ஆய்வு, பத்து லட்சத்திற்கும் மேற்பட்டோரின் மரபணுத் தகவல்களைக் கொண்டு, தீங்கு தரும் மதுப்பழக்கத்தோடு தொடர்புடைய 110 மரபணுப் பகுதிகளைக் கண்டறிந்தது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. அதில் பங்கேற்றோருள் பெரும்பான்மையினர் ஐரோப்பிய வழியினர் என்பதால், அம்முடிவுகளை நம் மக்களுக்கு அப்படியே பொருத்துவதில் எச்சரிக்கை தேவை.

நம் நாட்டில் பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் தேசிய மனநல நிறுவனத்தில் மருத்துவர் விவேக் பெனகல் குழுவினர், குடி நோயுள்ள தந்தையரின் பிள்ளைகளை ஆராய்ந்துள்ளனர். இன்னும் குடியைத் தொடாத நிலையிலேயே அப்பிள்ளைகளின் மூளை மின்னலைப் பதிவுகளிலும், மூளையின் சில பகுதிகளின் அளவிலும் வேறுபாடுகள் காணப்பட்டன. பொறுமையின்மை, அடங்காத துறுதுறுப்பு போன்ற இயல்புகளோடு இவை தொடர்புடையவை. பரம்பரையாக வருவது பெரும்பாலும் 'குடி' என்ற பழக்கமே அன்று. தூண்டலைக் கட்டுப்படுத்துவதில் உள்ள இத்தகைய தடுமாற்றமே என்ற கருத்திற்கு இவ்வாய்வுகள் வலுச் சேர்க்கின்றன. பள்ளிப் பருவத்திலேயே இதனைக் கண்டு உதவ முடியும் என்பதால் இது நம்பிக்கை தரும் செய்தியாகும்.

மகளுக்கும் அதே மரபணுதான்

தந்தை தன் மரபணுக்களில் பாதியை மகனுக்குக் கொடுப்பது போலவே மகளுக்கும் கொடுக்கிறார். ஆயினும் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயதிற்கு மேற்பட்ட ஆண்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் மது அருந்துகிறார். பெண்களுள் ஒரு விழுக்காட்டினர் கூட அருந்துவதில்லை.

அண்ணனும் தங்கையும் ஒரே பெற்றோரிடமிருந்து மரபணு பெற்றவர்கள். அண்ணன் குடிப்பதும் தங்கை குடிக்காததும், ஊரும் உறவும் யாருக்கு எதனை அனுமதிக்கின்றன என்பதைப் பொறுத்தே பெரிதும் அமைகின்றன. மகளுக்கு நாம் இயல்பாக அளித்துவரும் பாதுகாப்பை மகனுக்கும் அளிக்க முடியும் என்பதற்கு நம் வீடுகளே சான்று.

உறவுக்குள் திருமணம் செய்வதால் குடி பரம்பரையாகிறதா என்றும் சிலர் கேட்கின்றனர். நெருங்கிய உறவில் மணம் புரிவது தமிழ்நாட்டில் இன்றும் பரவலாக உள்ளது. அது ஒற்றை மரபணுக் குறையால் வரும் சில அரிய நோய்களின் வாய்ப்பைக் கூட்டுகிறது. அதற்காக மருத்துவ ஆலோசனை பெறுவது நல்லது. மதுப்பழக்கமோ பற்பல மரபணுக்களும் சூழலும் சேர்ந்து உருவாவது. சொந்தத்தில் மணந்ததால்தான் மகன் குடிகாரனானான் என்று தாயைக் குற்றம் சாட்டுவதற்கு அறிவியலில் இடமில்லை.

மரபணுவின் காவலும் அதன் எல்லையும்

மனிதரில் மதுவோடு மிக வலுவாகத் தொடர்புடைய மரபணு மாற்றம் மூளையில் இல்லை. கல்லீரலில் வேலை செய்கிறது. மதுவைக் கல்லீரல் முதலில் 'அசிட்டால்டிஹைடு' என்ற நச்சுப்பொருளாக மாற்றுகிறது. பின்னர் மற்றொரு நொதி அதனைத் தீங்கற்றதாக்குகிறது. சீனம், ஜப்பான், கொரியா நாட்டினருள் பலருக்கு இந்த இரண்டாவது நொதி சரியாக வேலை செய்வதில்லை. சிறிதளவு குடித்தாலே முகம் சிவந்து, படபடப்பும் குமட்டலும் வந்துவிடும். அதனால் அவர்கள் அடிமையாவது குறைவு. தமிழர் உள்ளிட்ட பெரும்பாலான இந்தியர்களிடம் இந்த மாற்றம் அரிது.

இத்தகைய வலுவான காவலையும் சூழல் தாண்டிச் சென்றிருக்கிறது. ஜப்பானில் மதுவிற்கு அடிமையாகிச் சிகிச்சை பெற்றவர்களுள், இந்த மரபணு மாற்றத்தின் ஒரு பிரதியை உடையவர்கள் 1979இல் 2.5 விழுக்காடாக இருந்தனர். 1986இல் அது 8 விழுக்காடாகவும், 1992இல் 13 விழுக்காடாகவும் உயர்ந்தது. பதின்மூன்று ஆண்டுகளில் ஒரு நாட்டு மக்களின் மரபணு மாறுவதில்லை. குடிக்கும் வழக்கமே மாறியது. காவலான மரபணுவைச் சூழல் தோற்கடிக்குமானால், ஆபத்தான மரபணுவையும் நல்ல சூழல் தோற்கடிக்க இயலும்.

இம்மரபணு மாற்றத்தின் விளைவைச் செயற்கையாக உண்டாக்கும் மருந்து 'டைசல்ஃபிரம்'. இதனை உட்கொண்டவர் மது அருந்தினால் முகச்சிவப்பு, கடும் வாந்தி, மூச்சுத்திணறல், இரத்த அழுத்த வீழ்ச்சி ஆகியவை ஏற்படும். நோயாளி முழுமையாக அறிந்து சம்மதித்த பின், இதயமும் கல்லீரலும் பரிசோதிக்கப்பட்ட பின்னரே மருத்துவர் இதனைத் தருவார். 'குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுங்கள்' என்று விளம்பரம் செய்து விற்கப்படும் பொடிகளையும் மாத்திரைகளையும் வாங்கவே கூடாது. அவற்றில் டைசல்ஃபிரம் இருந்து, அதனை அறியாமல் அவர் வழக்கம்போல் குடித்தால் உயிரிழப்பு வரை செல்லலாம். மருத்துவர் சொல்லி இம்மருந்தை உட்கொள்வோர், மது கலந்த இருமல் மருந்துகளையும் அரிஷ்டங்களையும் தவிர்க்க வேண்டும்.

நிறுத்தும்போது வரும் ஆபத்து

சுண்டெலி ஆய்வுகளில் பராமரிப்பாளருக்கு மிகவும் பயன்படும் பாடம் இதுவே. மதுவைத் தேடி அருந்தும் கறுப்பு வகைக்கு, மது நின்றபோது நடுக்கமும் வலிப்பும் குறைவாகவே வந்தன. மதுவைத் தொடாத பழுப்பு வகைக்கு ஆவி வடிவில் மது செலுத்திப் பின் நிறுத்தியபோது, கடுமையான வலிப்பு ஏற்பட்டது. போர்ட்லண்ட் ஆய்வாளர்கள் 2002ஆம் ஆண்டு, இவ்வேறுபாட்டோடு தொடர்புடைய ஒரு மரபணுவைச் சுண்டெலியின் நான்காம் குரோமோசோமில் கண்டறிந்தனர். குடிக்கும் நாட்டமும் நிறுத்தும்போது வரும் துன்பமும் தனித்தனியாகப் பரம்பரையில் இறங்கக்கூடியவை என்பதை இது உணர்த்துகிறது.

மனிதரில் நேரடியாக இதே மரபணுவைக் கொண்டு எதையும் கணிக்க இயலாது. ஆனால், ஒருவர் குடிக்கும் அளவை மட்டும் வைத்து, நிறுத்தும்போது அவருக்கு என்ன ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பது மருத்துவ அனுபவத்திலும் உறுதியானது. முன்னர் நிறுத்தியபோது வலிப்போ குழப்பமோ வந்தவருக்கு அடுத்த முறை அது மேலும் கடுமையாக வரக்கூடும்.

கோயிலில் கயிறு கட்டிக்கொள்ளுதல், திருவிழாவிற்குக் காப்புக் கட்டுதல், கார்த்திகையில் மாலை அணிதல் என நம் பகுதியில் குடியை நிறுத்த நல்ல வழக்கங்கள் உள்ளன. மன உறுதிக்கு அவை பெரும் துணை. ஆனால் பல ஆண்டுகளாக நாள்தோறும் குடித்த ஒருவர், அன்று காலையே முற்றாக நிறுத்தும்போது உடல் அதற்கு ஆயத்தமாக இருப்பதில்லை. நோய்வாய்ப்பட்டுப் படுத்தவர், விபத்தில் எலும்பு முறிந்தவர், வேலைக்குச் சென்ற இடத்தில் மது கிடைக்காதவர் ஆகியோருக்கும் இதே நிலைதான்.

அறிகுறிகள் பொதுவாக வரும் வரிசை:

• 6 முதல் 12 மணி நேரத்திற்குள்: கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, வாந்தி, தூக்கமின்மை.
• முதல் இரண்டு நாள்களுக்குள்: வலிப்பு வரலாம்.
• இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை: காய்ச்சல், ஆள் அடையாளம் தெரியாத குழப்பம், இல்லாத பூச்சிகளும் உருவங்களும் தெரிதல். இது 'நடுக்கப் பிதற்றல்' எனப்படும் அவசர நிலை.

குழப்ப நிலையில் உள்ளவரைப் 'பேய் பிடித்தது' என்று கருதிக் கட்டி வைப்பதும், மந்திரிக்க அழைத்துச் செல்வதும் விலைமதிப்பற்ற நேரத்தை வீணாக்கும். உடனே 108 ஊர்தியை அழைக்கவும். வலிப்பின்போது ஒருபக்கமாகப் படுக்க வைக்கவும். வாயில் எதனையும் திணிக்க வேண்டா. கையில் இரும்பு கொடுப்பதால் பயனில்லை. மருத்துவமனையில் நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் மருந்துகளும், மூளையைக் காக்கும் தயமின் எனப்படும் வைட்டமின் பி1 ஊசியும் தரப்படும். விரதமோ நேர்த்திக்கடனோ எடுக்க விரும்புவோர், அதற்குச் சில நாள்கள் முன்பாகவே மருத்துவரைக் கண்டு, மருந்தின் துணையோடு நிறுத்திவிட்டு மாலை அணிவது பாதுகாப்பானது.

மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளலாமா?

எச்சில் மாதிரியை அனுப்பினால் 'அடிமையாகும் ஆபத்து' எவ்வளவு என்று கூறும் கட்டணப் பரிசோதனைகள் இப்போது விளம்பரம் செய்யப்படுகின்றன. ஒரு தனிமனிதர் அடிமையாவாரா, ஆகமாட்டாரா என்று கூறும் திறன் அவற்றுக்கு இல்லை. தந்தை, தாத்தா, சித்தப்பா, தாய்மாமன் ஆகியோரின் குடிப்பழக்கம் பற்றி மருத்துவர் செலவின்றிக் கேட்டறியும் விவரமே இன்று அதைவிடப் பயனுள்ளது.

மருந்தைத் தேர்ந்தெடுக்க மரபணுப் பரிசோதனை உதவுமா என்பதும் ஆராயப்பட்டது. மூளையின் அபின் ஏற்பியைத் தடுத்து, குடிக்கும் வேட்கையைக் குறைக்கும் மருந்து 'நால்ட்ரெக்சோன்'. அந்த ஏற்பியின் மரபணுவில் உள்ள ஒரு மாற்றத்தை மனிதரிடமிருந்து எடுத்துச் சுண்டெலிக்குள் புகுத்தியபோது, மது தந்தவுடன் அவற்றின் மூளையில் டோபமின் மிகுதியாகச் சுரந்தது. எனவே அம்மாற்றம் உள்ளவருக்கு இம்மருந்து சிறப்பாக வேலை செய்யும் என எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் நோயாளிகளை முன்கூட்டியே மரபணு வாரியாகப் பிரித்து நடத்திய, 2015இல் வெளியான ஆய்வு அந்த எதிர்பார்ப்பை உறுதி செய்யவில்லை. சுண்டெலியில் தெளிவாகத் தெரிவது மனிதரில் அப்படியே நடப்பதில்லை என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. நால்ட்ரெக்சோன், அகாம்புரோசேட் போன்ற மருந்துகளை, கல்லீரல், சிறுநீரக நிலையைப் பார்த்து மருத்துவர் தேர்ந்தெடுப்பார். மரபணு அறிக்கை தேவையில்லை.

கள்ளச்சாராயத்திற்கு மரபணுக் காவல் இல்லை

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அருந்தி 60க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளிலும் இத்தகைய உயிரிழப்புகள் நேர்ந்தன. மதுவைச் சிதைக்கும் அதே கல்லீரல் நொதிதான் மெத்தனாலைக் கொடிய ஃபார்மிக் அமிலமாக மாறும் பாதையில் தள்ளுகிறது. 'எனக்கு எதுவும் ஏறாது' என்று நம்பும் உடலும் இதிலிருந்து தப்பாது. அறிகுறிகள் பல மணி நேரம் கழித்தே தெரியலாம். பார்வை மங்குதல், வயிற்றுவலி, வாந்தி, மூச்சிரைப்பு இருந்தால் காத்திருக்காமல் 108ஐ அழைக்கவும். உடன் அருந்தியவர்கள் நலமாகத் தோன்றினாலும் அவர்களையும் மருத்துவமனைக்கு அழைத்து வரவும். உரிய நேரத்தில் வந்தால் மாற்று மருந்தும் இரத்தச் சுத்திகரிப்பும் உயிரையும் பார்வையையும் காக்கக்கூடும்.

பிள்ளைகளைக் காப்பது எப்படி?

குடும்பத்தில் மதுப்பழக்கம் உள்ள பிள்ளைகளுக்குப் பெற்றோர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள உதவி, முதல் மதுவைத் தள்ளிப்போடுவது. அமெரிக்காவில் 1997ஆம் ஆண்டு வெளியான ஒரு பெரிய கணக்கெடுப்பில், 15 வயதிற்கு முன் குடிக்கத் தொடங்கியவர்களுள் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் பின்னாளில் அடிமையாகியிருந்தனர். 20 வயதில் அல்லது அதற்குப் பின் தொடங்கியவர்களுள் அது ஏறத்தாழ 10 விழுக்காடே. தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்பது சட்டப்படி குற்றம்.

• காதுகுத்து, கிடாவெட்டு போன்ற விசேடங்களில் விளையாட்டாகக் கூடப் பிள்ளைகளுக்கு மது கொடுக்க வேண்டா.
• மது, ஊறுகாய், தண்ணீர்ப் பாட்டில் வாங்கிவரப் பிள்ளைகளை அனுப்ப வேண்டா.
• 'நீயும் உன் அப்பனைப் போலத்தான் ஆவாய்' என்று சொல்ல வேண்டா. அச்சொல் பிள்ளையின் மனத்தில் விதியாகப் பதிந்துவிடும்.
• 'நம் குடும்பத்தினருக்கு மது மற்றவர்களைவிட ஆபத்தானது. அதனால் நீ தொடாமல் இருப்பது நல்லது' என்று பதின்மூன்று, பதினான்கு வயதிலேயே அமைதியாக எடுத்துச் சொல்லவும்.
• அடங்காத துறுதுறுப்பு, படிப்பில் கவனமின்மை, மிகுந்த கோபம் ஆகியவை இருந்தால் மனநல மருத்துவரிடம் காட்டவும்.

சிகிச்சை எங்கே கிடைக்கும்?

மத்திய அரசு 2019இல் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, மதுவிற்கு அடிமையானோருள் 38 பேரில் ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றுள்ளார். மீதி 37 பேரைத் தடுப்பது மரபணு அன்று. 'இது நோயில்லை', 'இதற்கு மருந்தில்லை', 'வெளியே தெரிந்தால் அவமானம்' என்ற எண்ணங்களே பெரும்பாலும் தடையாக நிற்கின்றன. மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, மதுவால் வரும் மனநலக் குறைபாட்டையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்துள்ளது. மனிதக் கண்ணியத்தோடு சிகிச்சை பெறுவது நோயாளியின் உரிமை. சங்கிலியிட்டோ அடித்தோ குடியை நிறுத்துவதாகக் கூறும் இடங்களில் யாரையும் சேர்க்க வேண்டா.

பெரம்பலூர் அரசு தலைமை மருத்துவமனையிலும், அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவை அணுகலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் சேவை பற்றி உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறியலாம். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் பணியாளரிடமும் தயக்கமின்றிச் சொல்லலாம்.

முதல் வருகையின்போது, எத்தனை ஆண்டுகளாக, நாளொன்றுக்கு எவ்வளவு குடிக்கிறார், கடைசியாகக் குடித்தது எப்போது, முன்னர் நிறுத்தியபோது வலிப்பு வந்ததா, குடும்பத்தில் வேறு யாருக்குக் குடி நோய் உள்ளது, இப்போது உட்கொள்ளும் மாத்திரைகள் எவை என்ற விவரங்களை ஒரு தாளில் குறித்து எடுத்து வந்தால் சிகிச்சை எளிதாகும். நோயாளி வர மறுத்தாலும், பராமரிப்பாளர் மட்டும் வந்து ஆலோசனை பெறலாம்.

சிகிச்சைக்குப் பின் மீண்டும் குடிக்க நேர்ந்தால், 'பரம்பரைப் புத்தி போகாது' என்று கைவிட வேண்டா. சர்க்கரை நோய்க்கும் இரத்தக் கொதிப்பிற்கும் பரம்பரைத் தொடர்பு உண்டு. அதற்காக யாரும் மாத்திரையை நிறுத்திவிடுவதில்லை. மீண்டும் அழைத்து வாருங்கள். மருந்தும் ஆலோசனையும் தொடரட்டும்.

உதவி எண்கள்: மனநல ஆலோசனை (டெலி மானஸ்) 14416 | போதை மீட்பு ஆலோசனை 14446 | மருத்துவத் தகவல் 104 | அவசர ஊர்தி 108